பங்காளிகளுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்

நான் குடியிருப்பது அஸ்தினாபுரத்தில். குரோம்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி, ராஜேந்திர பிரசாத் சாலையில் ஷேர் ஆட்டோ பிடித்தால் வந்துவிடலாம். சென்னையின் தென்கோடிப் புறநகருக்கு இந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. பெரியப்பா பிள்ளைகளும் சித்தப்பா பிள்ளைகளும் ஊசிமுனை நிலத்துக்காகப் பதினெட்டு நாள் வெட்டிக்கொண்டு மடிந்த கதையின் தலைநகரம் அது. ஆகவே பங்காளிச் சண்டையைப் பற்றிக் கருத்துச் சொல்ல, வேறு எந்தத் தகுதி இல்லாவிட்டாலும், எனக்கு முகவரித் தகுதி உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு எங்கள் மாடி வீட்டு அக்கா பூசைக்குக் கிளம்புவார். தூத்துக்குடிப் பக்கம், ஆர்.சி. எட்டரைக்கு எதிர்வீட்டு அண்ணாச்சி கறுப்பு உறை போட்ட பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆராதனைக்குக் கிளம்புவார். நெல்லைச் சீமை, சி.எஸ்.ஐ. அக்கா வீட்டுக்கு ஜெபம் செய்ய வருகிறவர் ஃபாதர். அண்ணாச்சி வீட்டுக்கு வருகிறவர் ஐயர். "ஐயர் வந்துட்டாரா?" என்று அண்ணாச்சி ஒருநாள் வாசலில் நின்று போனில் கேட்க, அடுத்த வீட்டு மாமி, கிரகப்பிரவேசம் யாருக்கு என்று என்னை விசாரித்தார்.

அக்காவின் பாட்டி காலத்துப் புத்தகத்தில் ஆண்டவர் பெயர் சேசு. அண்ணாச்சியின் புத்தகத்தில் இயேசு. அங்கே இராயப்பர், இங்கே பேதுரு. அங்கே சின்னப்பர், இங்கே பவுல். அங்கே அருளப்பர், இங்கே யோவான். வானத்திலிருந்து செய்தி கொண்டு வருகிறவர் அங்கே சம்மனசு, இங்கே தேவதூதன். பாலஸ்தீனத்து மீனவர் ஒருவர் இரண்டாயிரம் ஆண்டு கழித்துத் தமிழ்நாட்டுக்கு வந்தால், எந்தப் பெயருக்கு "உள்ளேன் ஐயா" சொல்வது என்று தெரியாமல் திகைத்துப்போவார். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் சூட்டும் அளவுக்கு மொழியின் மீது இரு தரப்புக்கும் எவ்வளவு அன்பு! இந்த அன்பைப் பாராட்டத்தான் இந்தக் கட்டுரை.

இந்தக் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் சண்டையின் பூர்வீகம் ஜெர்மனி. 1517இல் மார்ட்டின் லுத்தர் விட்டன்பர்க்கில் தம் தொண்ணூற்றைந்து வாதங்களை வெளியிட்டார். பாவமன்னிப்புச் சீட்டை விலைக்கு விற்கலாமா என்பது கேள்வி. மூளையுள்ளவர்கள் உட்கார்ந்து பேசினால் ஒரு வாரத்தில் தீர்க்கக்கூடிய கேள்விதான். ஆனால் ஐரோப்பியர்கள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர்கள் அல்லர். 1572இல் பாரிஸில் புனித பார்த்தலோமேயு திருநாளில் தொடங்கிய கொலைகள் பிரான்ஸ் முழுக்கப் பரவின. 1618இல் தொடங்கிய போரை முப்பது ஆண்டுகள் இழுத்தார்கள். ஜெர்மானிய நாடுகளில் சில பகுதிகள் ஊர் ஊராகக் காலியாயின. அன்பே கடவுள் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகும் இவ்வளவு செய்ய முடிந்ததென்றால், ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த மட்டில் அவர்களுடைய நிதானத்தைப் பாராட்ட வேண்டும்.

1648இல் அங்கே சமாதானம் கையெழுத்தாயிற்று. ஆனால் நல்ல பண்டம் எதையும் வீணாக்கக் கூடாது என்பது வியாபாரக் கம்பெனிகளின் கொள்கை. சண்டையைக் கப்பலில் ஏற்றினார்கள். 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் சீகன்பால்குவும் புளூட்சோவும் வந்திறங்கினார்கள். டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானிய லுத்தரன் குருமார். அடுத்த ஐந்தாறு ஆண்டுக்குள் இத்தாலியிலிருந்து கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்ற சேசுசபைக் குரு வந்து சேர்ந்தார்; நாம் அறிந்த வீரமாமுனிவர். ஒருவர் கடலோரம், ஒருவர் ஏலாக்குறிச்சிப் பக்கம். காவிரிப் படுகையின் வாய்க்கால் வரப்புக்கு இரு பக்கமும் நின்றுகொண்டு, அந்த வரப்பில் ஏரோட்டியவனுக்குப் பெயர்கூடத் தெரியாத விட்டன்பர்க் நகரத்து வழக்கை வாதாடத் தொடங்கினார்கள்.

எவ்வளவு நாகரிகமாக! சீகன்பால்கு கிறிஸ்தவத் தமிழைக் கற்றது பெரும்பாலும் கத்தோலிக்கர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தமிழ்ச் சுவடிகளிலிருந்துதான். படித்தார், பிழை என்று தமக்குத் தோன்றிய இடங்களைக் களைந்தார், மிச்சத்தைப் பயன்படுத்திக்கொண்டார். பக்கத்து வீட்டுக் கிணற்றில் நீர் இறைத்துக் குடித்துவிட்டு, கிணற்றுக்காரனின் ஆசாரம் சரியில்லை என்று சொல்வதற்கும் ஒரு திடமனது வேண்டும்.

பிறகு அச்சுக்கூடம் வந்தது. 1714-15இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. தாள் தட்டுப்பாடு வந்தபோது எழுத்தைச் சின்னதாக வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த டின்களின் ஈயத்தை உருக்கி வார்த்ததாகச் சொல்வார்கள். காகிதத்துக்குப் பொறையாறு அருகே பட்டறையே போட்டார்கள். கடுதாசிப்பட்டறை என்ற இடப்பெயர் இன்னும் இருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு வெளியிட்ட புத்தகத்தைப் பார்த்து வீரமாமுனிவர் என்ன செய்திருப்பார்? எதிராளியாயிற்றே, படிக்காமல் திட்டியிருக்கலாம். அவர் அப்படிப்பட்டவர் அல்லர். படித்துவிட்டுத் திட்டினார். அவர்களுடைய சமயத்தை மட்டும் அல்ல, அவர்களுடைய தமிழையும் சேர்த்துக் கேலி செய்தார். தேம்பாவணியில் 3,615 விருத்தம் பாடிய கை, தரங்கம்பாடி உரைநடையைப் பார்த்துச் சும்மா இருக்குமா? 1728இல் வேதவிளக்கம் எழுதினார். தரங்கம்பாடியார் பதிலுக்கு எழுத, அவர் பேதகமறுத்தல் எழுதினார். லுத்தேரினத்தியல்பு என்று லுத்தர் கூட்டத்தாரின் குணநலன்களுக்கென்றே தனி நூலும் செய்தார். லுத்தரைக் கண்ணால் பார்த்திராத, பார்க்க வாய்ப்பே இல்லாத, ஜெர்மனி எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் வடக்கே காசியைத் தாண்டி என்று சொல்லக்கூடிய அரியலூர்ச் சீமைக் குடியானவர்களுக்கு இது எவ்வளவு அவசரமான தேவையாக இருந்திருக்கும்!

இந்தச் சண்டையால் தமிழுக்கு நன்மை உண்டா என்றால், உண்டு. இதில் எனக்கு வஞ்சகம் ஏதும் இல்லை. மறுப்பு எழுத வேண்டியிருந்ததால் உரைநடை பழகிற்று. எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் பிரித்துக் காட்ட வீரமாமுனிவர் செய்த எழுத்துத் திருத்தத்தில்தான் இதை நான் எழுதுகிறேன், நீங்கள் படிக்கிறீர்கள். 1732இல் அவர் முடித்த சதுரகராதி இல்லாவிட்டால் பின்னால் வந்த அகராதிக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான். இதில் ஒரு வேடிக்கை. அவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டு வெளியிட்டது யார்? தரங்கம்பாடி லுத்தரன் அச்சுக்கூடம். ஆளைத் திட்டினார்கள், இலக்கணத்தை வாங்கிக்கொண்டார்கள். அவர் எழுதிய விதிப்படி தமிழ் கற்று, அவரையே மறுத்து எழுதலாம் அல்லவா!

அஸ்தினாபுரத்திலிருந்து இந்தப் பெருமைகளைத் தரிசிக்க எளிய வழி உண்டு. குரோம்பேட்டையில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறிப் பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் தாண்டினால் பரங்கிமலை. மலைமேல் 1523இல் போர்ச்சுகீசியர் எழுப்பிய மாதா கோயில். ஏறிப்போகப் படிக்கட்டு. கட்டிக் கொடுத்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மார்மலாங் பாலம் கட்டியவரும் அவர்தான். அந்த இடத்தில் இன்று நிற்பது மறைமலையடிகள் பாலம். அதே உஸ்கான் வேப்பேரியில் அதிசய மாதாவுக்கு ஒரு சிற்றாலயமும் எழுப்பினார். 1751இல் காலமானார், அங்கேயே அடக்கம்.

இதற்கிடையில் 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்து, 1749இல் ஆங்கிலேயருக்குத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயருக்குத் தாங்கள் தோற்றதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. கோட்டையில் காவல் சரியில்லை என்று சொல்வது தங்களுக்கே அவமானம். கத்தோலிக்கக் குருமார் பிரெஞ்சுக்காரருக்குத் துப்புக் கொடுத்தார்கள் என்றால் மரியாதையாக இருக்கும். குருமாரைக் கோட்டையை விட்டு வெளியேற்றினார்கள். கோட்டைக்குள் இருந்த கத்தோலிக்கக் கோயிலைப் பறித்தார்கள். உஸ்கானின் வேப்பேரி ஆலயம் 1752இல் பப்ரிசியுஸ் என்ற லுத்தரன் மிஷனரியின் கைக்கு வந்தது. மாதாவுக்கென்று காசு போட்டுக் கட்டியவர், மாதா வணக்கம் கூடாது என்கிறவர்களின் வளாகத்தில் இன்றும் படுத்திருக்கிறார். புனித மத்தியா ஆலயம் என்று கேட்டால் எழும்பூரில் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுபோய் விடுவார். செத்த பிறகும் ஒரு மனிதரை மதம் மாற்ற முடியும் என்பதற்குச் சென்னையில் வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

1761இல் பாண்டிச்சேரி விழுந்தபோது அங்கிருந்து ஒரு பிரெஞ்சு அச்சு இயந்திரமும் கொள்ளைப் பொருளாக வந்தது. அதுவும் வேப்பேரிக்கே போயிற்று. பப்ரிசியுஸ் அகராதி அச்சாக அது உதவிற்று. கத்தோலிக்க இரும்பு, புராட்டஸ்டன்ட் மை.

ஆனால் ஒரு தவறான எண்ணம் வாசகருக்கு வரக்கூடாது. இவர்கள் எதிராளியை மட்டுமே துன்புறுத்தினார்கள் என்று நினைத்தால் அது அவதூறு. சீகன்பால்குவை 1708இல் பிடித்து நான்கு மாதம் சிறையில் வைத்தது தரங்கம்பாடிக் கோட்டையின் டேனிஷ் தளபதி. லுத்தரன்தான். அதற்கு அறுபது ஆண்டுக்கு முன், புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்த எஃப்ரேம் என்ற கப்புச்சின் துறவியைச் சாந்தோமில் பிடித்துக் கோவாவுக்கு அனுப்பியது போர்ச்சுகீசியரின் சமய விசாரணை மன்றம். கத்தோலிக்கர்தான். அவரை விடுவிக்கும்படி ஓயாமல் கேட்டவர்கள் புராட்டஸ்டன்ட் ஆங்கிலேயர்கள். உறவு முறை பாராமல் எல்லாரையும் உள்ளே தள்ளும் சமதர்மம் இது.

சமதர்மம் என்றதும் நினைவு வருகிறது. நான் பாராட்ட வந்த முக்கியமான விஷயத்துக்கு வரவேயில்லை.

மாதாவை வணங்கலாமா, கூடாதா? சண்டை. சுரூபம் வைக்கலாமா? சண்டை. பாப்பரசர் பெரியவரா, புத்தகம் பெரியதா? சண்டை. குரு கல்யாணம் கட்டலாமா? சண்டை. அப்பம் நிஜமாகவே உடலாகிறதா, அடையாளமா? இது புராட்டஸ்டன்டுகளுக்குள்ளேயே சண்டை. இவ்வளவு சண்டைக்கு நடுவே, இரு தரப்பும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல், சங்கம் கூட்டாமல், ஒப்பந்தம் எழுதாமல், ஒரே ஒரு விஷயத்தில் கையும் கையுறையுமாக ஒத்துப்போனார்கள். கோயிலுக்குள் யார் எங்கே உட்காருவது என்பதில்.

கத்தோலிக்கர் முன்னோடிகள், மூத்தவர்களுக்குத்தான் முதல் மரியாதை. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி கட்டினார், மரக்கறி உண்டார், பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டார். பூணூலும் குடுமியும் சந்தனமும் வெறும் சமூக வழக்கம், வேதத்துக்கு விரோதமில்லை என்று வாதாடி 1623இல் ரோமாபுரியின் அனுமதியும் பெற்றார். பண்பாட்டை மதித்த மகான். அவர் உயர்ந்த சாதிக்காரரைச் சந்திப்பதால் தாழ்த்தப்பட்டவர்களின் குடிசைக்குப் போக முடியாதல்லவா? 1640 வாக்கில் அதற்கும் வழி கண்டார்கள். பண்டாரசாமிகள் என்று தனி வகைக் குருமாரை ஏற்படுத்தினார்கள். ஒரே சபை, ஒரே வேதம், ஒரே ஆண்டவர். சாமியார் மட்டும் இரண்டு ரகம். பாண்டிச்சேரிக்கு வந்த ரோமாபுரித் தூதர் தூர்னோன் 1704இல், பறையர் வீட்டில் நோயாளி கிடந்தால் குரு உள்ளே போய்த்தான் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும் என்று ஆணை போட்டார். பாவம், வெளியூர்க்காரர். நாற்பது ஆண்டு எழுதிக் கேட்டு, 1744இல் அதற்கும் சமரசம் வந்தது: அவர்களுக்கென்று தனி மிஷனரிகளை வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பொறுமை! ஒரு வாசற்படியைத் தாண்டாமல் இருப்பதற்கு நாற்பது ஆண்டு வழக்காட எல்லாராலும் முடியுமா?

அடுத்த ஆண்டே, 1745 அக்டோபரில், பாண்டிச்சேரிச் சம்பா கோயிலில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கோயிலுக்குள் குறுக்கே சுவர். அந்தப் பக்கம் பறையர், இந்தப் பக்கம் மற்றவர். காரைக்காலில் சேர்ந்துதானே கும்பிடுகிறார்கள், இங்கே மட்டும் ஏன் சுவர் என்று அந்தப் பக்கத்தார் கேட்டார்கள். குருவும் இடிக்கச் சொன்னார். இடித்ததும் இந்தப் பக்கத்தார் கொதித்தெழுந்தார்கள். அதுவரை அவர்கள் கொதித்தெழுந்ததாக எனக்கு நினைவில்லை. லுத்தருக்காகக்கூட இவ்வளவு கோபப்பட்டதில்லை.

சீர்திருத்தச் சபைக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள், இதையும் சீர்திருத்தியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவர்களும் தமிழ்ப் பண்பாட்டை மதித்தார்கள். தரங்கம்பாடியில் 1718இல் திறந்த புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவம். லுத்தர் மொழிபெயர்த்த வேதப்படி எல்லாரும் குருத்துவம் உள்ளவர்கள். உட்காரும்போது மட்டும் வெள்ளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம். பரலோகத்தில் சேர்ந்து உட்காரப் போகிறோம், பூலோகத்தில் கொஞ்ச நாள் தள்ளி உட்கார்ந்தால் என்ன என்ற தொலைநோக்கு.

இந்த இடத்தில் ராஜநாயக்கன் என்ற ஒருவரைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பறையர். தஞ்சை மன்னரின் படையில் சிப்பாய். பிறப்பால் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் ஒன்று அவர் கைக்குக் கிடைக்கிறது. படிக்கிறார். 1720களின் பிற்பகுதியில் லுத்தரன் சபைக்கு வருகிறார். அதாவது, இத்தனை மறுப்பு நூல்களும் எதிர்மறுப்பு நூல்களும் யாரைக் குறிவைத்து எழுதப்பட்டனவோ அந்த வாசகர். கத்தோலிக்கத் தரப்புக்கு அவர் ஓர் இழப்பு. புராட்டஸ்டன்டுகளுக்கு ஒரு வெற்றி. உபதேசியாராகிறார். ஊர் ஊராக நடந்து சபைகளை வளர்க்கிறார். பழைய சபைக்காரர்களின் வசவையும் மிரட்டலையும் தாங்குகிறார்.

1733இல் முதல் தமிழ் லுத்தரன் குருவாக ஆரோன் திருநிலைப்படுத்தப்பட்டார், வெள்ளாளர். 1741இல் இரண்டாவது குருவைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. ராஜநாயக்கன் பெயரும் அடிபட்டது. அவருடைய பக்தியில் குறையில்லை, அறிவில் குறையில்லை, உழைப்பில் குறையில்லை என்று மிஷனரிகளே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவர் கையால் நற்கருணை கொடுத்தால், மேல்சாதிச் சபையாருக்கு நற்கருணையின் மீதே மரியாதை குறைந்துவிடுமோ என்று கவலைப்பட்டார்கள். திருவிருந்தின் மீது அவ்வளவு அக்கறை! தியோகு என்பவர் குருவானார். ராஜநாயக்கன் 1771இல் இறக்கும் வரை உபதேசியாராகவே இருந்தார்.

இரு சபைகளையும் பார்த்த மனிதர் அவர். எந்தச் சபை மெய்யானது என்ற கேள்விக்கு வேதவிளக்கத்தைவிடவும் அதற்கு வந்த மறுப்பைவிடவும் அவர் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கக்கூடும். அவரிடம் யாரும் கேட்டு எழுதி வாங்கவில்லை.

பிற்பாடு ஒரு சோதனை வந்தது. 1833இல் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன், சாதியைச் சபையிலிருந்து அறவே விடவேண்டும் என்று கண்டிப்பாகச் சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் நம் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் வெளியேறினார்கள். மாதாவா வேதமா என்ற கேள்வியில் நூறு ஆண்டு அசையாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள், பெஞ்சையே பங்கிட வேண்டும் என்றதும் எழுந்துவிட்டார்கள். கவலைப்பட வேண்டியதில்லை, 1840களில் லைப்சிக் லுத்தரன் மிஷன் வந்து, சாதி சமூக விவகாரம், மெள்ள மெள்ளப் போகும் என்று அவர்களில் பலரை அணைத்துக்கொண்டது. ஆங்கிலிக்கன்கள் கோபித்தார்கள். கோபம் கொள்கை பற்றியதா, கணக்கில் ஆள் குறைந்தது பற்றியதா என்று பிரித்துச் சொல்லும் ஆற்றல் எனக்கில்லை.

கத்தோலிக்கர் பின்தங்கிவிடவில்லை. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலைக் கட்டடக் கலை மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். கால்சட்டை போல இரண்டு கூடங்கள். இரண்டும் பீடத்தில் போய்ச் சேரும். ஒன்றில் வெள்ளாளரும் சேர்ந்த சாதியாரும், மற்றதில் நாடார்கள். நடுவே சுவர். பீடத்தில் நிற்கும் குருவை இரு பக்கமும் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. ஆண்டவர் எங்கும் நிறைந்தவர் என்ற தத்துவத்தைச் செங்கல்லில் இவ்வளவு துல்லியமாகச் சொன்னவர் வேறு யாருமில்லை. 1910இல் சுவரை இடித்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. 2008இல் விழுப்புரம் பக்கம் இறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் தாக்கப்பட்டார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போயிற்று. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் உண்டு. அங்கே படுத்திருப்பவர்கள் எழுந்து வரும் நாளில் எந்தப் பக்கத்துக் கதவு முதலில் திறக்கும் என்பதையும் யோசித்திருப்பார்கள், முன்யோசனைக்காரர்கள்.

சபைகளுக்கு இடையே உறவு இப்போது நன்றாகவே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1995இல் இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து உட்கார்ந்து திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டார்கள். பேதுருவும் யோவானும் பொதுப் பெயரானார்கள். சீகன்பால்குவும் வீரமாமுனிவரும் பார்த்திருந்தால் ஆளுக்கொரு மறுப்பு எழுதியிருப்பார்கள்.

போன ஆண்டு எங்கள் மாடி வீட்டு அக்காவின் மகளுக்கும் எதிர்வீட்டு அண்ணாச்சியின் தங்கை மகனுக்கும் சம்பந்தம் பேசினார்கள். மூன்று மாதம் இழுத்தது. கல்யாணம் ஃபாதர் கையிலா, ஐயர் கையிலா? தாலியில் சிலுவைக்குக் கீழே மாதா வேண்டுமா, வேண்டாமா? பெண் மறுவீடு வந்ததும் ஜெபமாலை சொல்லலாமா? "சுரூபம் வைக்கிற வீட்டுல என் தங்கச்சி கால் வைக்கமாட்டா" என்றார் அண்ணாச்சி. "மாதாவை மதிக்காத வீட்டுல என் பொண்ணு எப்படிண்ணே வாழும்?" என்று அக்கா என்னிடம் அழுதார். நடுவே கிடந்து அலைந்தவர் இருவருக்கும் பொதுவான தரகர். ஒருநாள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே நோட்டைப் பிரித்தார். நீள நோட்டு, கட்டம் போட்டது. பெயர், வயது, உயரம், படிப்பு, சம்பளம், ஆர்.சி./சி.எஸ்.ஐ., அடுத்த கட்டத்தில் சாதி.

"இது முடிஞ்சிரும் சார், கவலைப்படாதீங்க" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

நோட்டைத் திருப்பிக் காட்டினார். சபைக் கட்டம் முழுக்கப் பென்சிலில் எழுதியிருந்தது. பல இடத்தில் அழித்து எழுதிய கறை. சாதிக் கட்டம் பேனாவில் எழுதியிருந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சொல்.

பிப்ரவரியில் கல்யாணம் நடந்தது. ஃபாதரும் ஐயரும் சேர்ந்தே ஆசீர்வதித்தார்கள்.